பானையில் மிஞ்சிய கிளிஞ்சல்

பார்வதி டீச்சரைப் பற்றிக் கேட்டால் எங்கள் குப்பத்தில் பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிடுவார்கள், மீதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர் செய்த தப்பு என்று இன்றும் சிலர் சொல்வது உண்மையில் பிள்ளைகளாகிய நாங்கள் செய்த தப்பு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

லாஸ்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1956-இல், இருபத்துநான்கு வயதில், குருசுக்குப்பத்துக்கு வடக்கே இருந்த எங்கள் குப்பத்துப் பள்ளிக்கு வந்தார். 1962-இல் மாற்றலாகும்வரை அங்கேதான் இருந்தார். பள்ளி என்றால் ஒரு கீற்றுக்கொட்டகை. பிள்ளைகள் கடலை வேடிக்கை பார்க்கிறார்கள் என்று கிழக்குப் பக்கம் தட்டி கட்டி மறைத்திருந்தார்கள். நாங்கள் தட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்தோம். பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்காலத்திலிருந்தே அங்கே இருந்த பழைய வாத்தியார் பிரெஞ்சுப் பாட்டைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே எங்களை முட்டிபோட வைப்பார். பார்வதி டீச்சர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எங்களை மணலுக்கே அழைத்துக்கொண்டு போனார்.

கணக்குப் பாடம் அங்கேதான். வீட்டுக் கட்டுமரம் விடியலில் கடலுக்குப் போயிருந்தால், ஒரு கிளிஞ்சலில் கரியால் வீட்டுக் குறியைப் போட்டுக் கொண்டுவர வேண்டும். பள்ளிக்கு வரும் பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கொண்டுவரும். எல்லாவற்றையும் பானையில் போட்டு எண்ணுவோம். மரம் கரை சேரச் சேர ஒவ்வொரு கிளிஞ்சலாக வெளியே எடுப்போம். மீதி எத்தனை என்று டீச்சர் கேட்பார். பானை காலியானால் கணக்கு முடிந்தது. பானை என் பொறுப்பு. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஆனால் எங்கள் குப்பத்தில் கடலில் இருக்கிற மரத்தை எண்ணக் கூடாது. எத்தனை மரம் போச்சு என்று கேட்டால் "போயிருக்குது" என்பார்கள், அதோடு சரி. எண்ணினால் ஒன்று திரும்பாது என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். வயலில் நாற்றுக்கட்டுகளை எண்ணி வளர்ந்த டீச்சருக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி கொட்டகைக்குள் போய் உட்கார வேண்டுமே. வீட்டிலும் மூச்சுவிடவில்லை. ஏதோ கிளிஞ்சல் விளையாட்டு என்றே பெரியவர்கள் நினைத்தார்கள். இரண்டு வருஷம் இப்படியே ஓட்டினோம், அவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைகள்!

1958 ஐப்பசியில் ஒருநாள் வாடைக்காற்று திடீரென்று வலுத்தது. மரங்கள் அவசர அவசரமாகக் கரையேறின. நண்பகலுக்குள் இருபத்துமூன்று கிளிஞ்சலில் இருபத்திரண்டை எடுத்துவிட்டோம். மிஞ்சியது என் வகுப்புச் சின்னப்பாப்பாவுடையது. அவள் அப்பா கோவிந்தசாமியும் சித்தப்பா தேவதாஸும் ஒரே மரத்தில் போயிருந்தார்கள்.

ஒரு மணிவரை பார்த்துவிட்டு டீச்சர் அவள் வீட்டுக்குப் போனார். நானும் பானையோடு பின்னாலேயே போனேன். சின்னப்பாப்பாவின் அம்மா சொர்ணம் மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"காத்து தெக்கால தள்ளியிருக்கும் டீச்சரம்மா. வீராம்பட்டணத்துல ஏறியிருப்பாங்க. இன்னும் நாலஞ்சு மரம் கூடவே போயிருக்கும். காலையில நடந்து வந்துடுவாங்க."

அப்படி நடப்பது சகஜம். அதனால்தான் மறுநாள்வரை யாரும் தேட மாட்டார்கள். மற்ற மரமெல்லாம் வந்துவிட்டது, வராதது இது ஒன்றுதான் என்பது அந்தக் கரையில் எங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

டீச்சர் பஞ்சாயத்துத் தலைவர் பலராமன் வீட்டுப் பக்கம் திரும்பினார். நான் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் டீச்சர். கடல்ல இருக்கிற மரத்த எண்ணக் கூடாது, எண்ணுனா ஒண்ணு திரும்பாது. நாம எண்ணுனது தெரிஞ்சா பள்ளிக்கூடத்த மூடிடுவாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "இத ஏன் கண்ணகி இவ்ளோ நாளா சொல்லல?"

நான் அழுதேன். அவர் திட்டவில்லை. பானையை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

"கடல்ல நிக்கிற மரத்தையா எண்ணுனீங்க?" பலராமன் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

"எண்ணுனேங்க. தப்புதான். அப்புறமா என்னை என்ன வேணா செய்யுங்க. இருபத்திரண்டு மரம் வந்துடுச்சு, ஒண்ணே ஒண்ணு வரல. இப்பவே ஆளுங்கள அனுப்புங்க."

ஆறு மரங்கள் தேடப் போயின. பொழுது சாயும் நேரத்தில் தேவதாஸை உயிரோடு கொண்டுவந்தார்கள். கயிறு அறுந்து மரம் பிரிந்துபோய், ஒற்றைக் கட்டையைப் பிடித்து மிதந்துகொண்டிருந்தாராம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவரும் இல்லை. கோவிந்தசாமி அன்றும் கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவில்லை.

எண்ணியே கொன்றுவிட்டாள் என்றார்கள். தேவதாஸைக் காப்பாற்றியதும் அதே எண்ணிக்கைதான் என்று ஒரு வாய் சொல்லவில்லை. எங்களைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்று பஞ்சாயத்தில் கட்டுப்பாடு போட்டார்கள். டீச்சர் மட்டும் தினமும் லாஸ்பேட்டையிலிருந்து நடந்து வந்தார். வெறும் கொட்டகையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்து, மாலையில் மூடிவிட்டுப் போனார். ஒரு பிள்ளையும் வராமல் மாதம் முடிந்தால் பள்ளியையே எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. நான் வேலியோரம் நின்று எத்தனையோ நாள் பார்த்தேன். சொல்லாமல் மறைத்தது நாங்கள்தான் என்று ஊரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் காலை சொர்ணம் தெருவில் இறங்கினார். தாலியறுத்த பெண் அவ்வளவு சீக்கிரம் வெளியே வருவது எங்களில் கிடையாது. டீச்சரை அடிக்கத்தான் போகிறார் என்று ஊரே பின்னால் போனது. நானும் போனேன்.

அவர் ஒரு கையில் சின்னப்பாப்பாவைப் பிடித்திருந்தார். கொட்டகை வாசலில் நின்று இன்னொரு கையை விரித்தார். புதிதாகக் கரிக்குறி போட்ட ஒரு கிளிஞ்சல்.

"எங் கொழுந்தன் தேவதாசு இன்னிக்கு மறுபடி கடலுக்குப் போயிருக்கு டீச்சரம்மா," என்றார். "எண்ணுங்க."

டீச்சர் உள்ளே போய்ப் பானையை எடுத்து வந்தார். என் அப்பாவும் அன்று கடலில்தான் இருந்தார். நான் குனிந்து மணலில் ஒரு கிளிஞ்சல் தேடினேன்.