மெரினாவில் திரும்பிப் பார்த்த ஒரே ஆள்

விஜயகலாவுக்குச் சந்தேகம் பிறவிக் குணம். இலங்கையில் கேகாலை மாவட்டம், ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். பால் நிறுக்கும்போது தராசு முள் ஆடி அடங்கும்வரை வாளியை விட்டு நகரமாட்டாள். பஜாரில் கடை வைத்திருக்கும் மர்சூக் நானா அவளைத் தூரத்தில் கண்டாலே, "சிஐடி வருது, பருப்பைக் கிளறிக் காட்டுங்க" என்பார். கட்டிய புருஷன் யோகராஜின் சட்டையையே மோந்து பார்க்கிற மனுசி, ஊர் பேர் தெரியாதவனை நம்புவாளா?

அப்பேர்ப்பட்டவள் புருஷனோடு சென்னைக்கு வந்திருந்தாள். மகள் துஷ்யந்திக்கு ஊரில் கல்யாணம். கோயில் குளமெல்லாம் கும்பிட்டு, கூறைச்சேலையும் எடுத்தாயிற்று. இது கடைசி நாள், இராத்திரி விமானம். அதுவரை ஊரைச் சுற்றிப் பார்ப்போம் என்று யோகராஜ் ஆசைப்பட்டான். லாட்ஜ்காரர் நாள் வாடகைக்கு ஓர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். சேலையும் பாஸ்போர்ட்டுகளும் ஒரே பையில். அந்தப் பை போனால் கல்யாணச் சேலையும் போச்சு, ஊர் திரும்புவதும் போச்சு. விஜயகலா அதை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

ஆட்டோக்காரர் சன்னாசிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். பேச்சே இல்லை. கண்ணாடியில் மட்டும் அடிக்கடி பின்னால் பார்த்தார். அது போதாதா அவளுக்கு!

ஊரில் பஸ்ஸில் போகையில் சிங்களவருக்கு விளங்கக்கூடாதென்றால் இவர்கள் தமிழில் பேசிக்கொள்வார்கள். இங்கே ஊரே தமிழ். ஆகவே விஜயகலா சிங்களத்துக்குத் தாவினாள். "மெயா ஹொரெக் வகே," என்றாள். இந்த ஆளைப் பார்த்தால் திருடன் மாதிரி இருக்கிறதாம். அதையும் உரக்கவே சொன்னாள். இந்த ஊரில் யாருக்கு விளங்கப்போகிறது?

"சும்மா வா புள்ள," என்றான் யோகராஜ்.

மயிலாப்பூர் போகிற வழியில் ஒரு மேம்பாலம் ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே பாலம். அதே நகைக்கடை விளம்பரத்தில் அதே பெண் சிரித்தாள். விஜயகலா பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். நாள் வாடகை பேசியாயிற்று, சுற்றினால் அவனுக்குத்தானே எண்ணெய் நட்டம்? பின்னே எதற்குச் சுற்றுகிறான்? எங்கேயோ சந்தில் கூட்டாளிகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்!

"ஏண்ணே, இந்தப் பாலத்துல அப்பவே ஏறுனோமே?"

"டிராஃபிக்குமா," என்றார் சன்னாசி, முகத்தைத் திருப்பாமல்.

விடுவாளா? கடற்கரை வரும்வரை சிங்களத்தில் அவருடைய முழியைச் சொன்னாள், மீசையைச் சொன்னாள், பெற்று வளர்த்தவர்களையும் சொன்னாள். யோகராஜ் தலையில் கைவைத்துக்கொண்டான்.

மெரினாவில் இறங்கியதும் சன்னாசி, "பையை வண்டியில வெச்சிட்டுப் போங்கம்மா, நான் பாத்துக்கறேன்," என்றார். அடேயப்பா, எவ்வளவு அக்கறை! விஜயகலா பையோடு மணலில் இறங்கி, தண்ணீருக்குக் கிட்டே போய் அதைப் புருஷனிடம் கொடுத்தாள். "கட்டிப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க. கால நனைச்சிட்டு வந்துர்றேன்."

யோகராஜ் நின்றானா? பையை மணலில் வைத்தான், பக்கத்தில் செருப்பைக் கழற்றினான், பெண்டாட்டியைப் படமெடுக்கிறேன் என்று போனைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். சிரிக்கத் திரும்பிய விஜயகலாவின் கண்ணில் பட்டது பை. எப்போது பின்னால் வந்தாரோ, அது சன்னாசியின் கையில் இருந்தது. அவர் மேட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.

"ஹொரா! ஹொரா!"

காலையிலிருந்து சிங்களத்திலேயே புரண்ட நாக்கு, திருடன் என்று தமிழில் கத்த மறந்துபோயிற்று. அத்தனை கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. சுண்டல் தின்றவர்கள் தின்றுகொண்டே இருந்தார்கள். ஒரே ஓர் ஆள்தான் நின்று திரும்பிப் பார்த்தார். பையோடு ஓடியவரேதான்.

"ஹொரா நெவெய், நோனா," என்றார். "ரெல்ல எனவா."

திருடன் இல்லையம்மா, அலை வருகிறது. அவர் சொல்லி முடிக்குமுன் அலை ஏறிவந்து, பை இருந்த இடத்தை மூடி, யோகராஜின் செருப்பை இழுத்துக்கொண்டு போனது.

விஜயகலாவுக்கு அப்படியே மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. காலையிலிருந்து பேசிய அத்தனையும் இந்த மனுசனுக்கு விளங்கியிருக்கிறது!

"நீங்க... எந்த ஊருண்ணே?"

"கேகாலைப் பக்கம், றப்பர் தோட்டத்துலதான் பொறந்தேன். சின்னப் பையனா இருக்கறப்போ, ரெண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுட்டாங்கன்னு சொல்லி எங்க குடும்பத்தைக் கப்பலேத்தி இங்க அனுப்பிட்டாங்க." பையை அவளிடம் நீட்டினார். "அங்க எங்களைக் கள்ளத்தோணின்னாங்க. இங்க வந்தா சிலோன் திருடன்னாங்க. அதெல்லாம் பழகிப்போச்சு. நம்ம ஊர்ச் சனம் சொல்றதுதான் பழகல."

விஜயகலாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப பாலத்துல ஏண்ணே சுத்துனீங்க?"

"சுத்துனது நெசந்தான்," என்றார் சன்னாசி. "அந்தச் சிங்களப் பேச்சைக் கேட்டு நாப்பது வருசமாச்சு. திட்டத்தான் திட்டுனீங்க. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் கேக்கணும் போல இருந்துச்சு."

விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது விஜயகலா பையை அவருடைய காலடியில், முன்னால் வைத்தாள். வழியில் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். என்ன செய்வது, பிறவிக் குணமாயிற்றே.

"பாலம் ஏறாம நேரா போனா சீக்கிரம் போயிரலாம்," என்றார் சன்னாசி.

"நேரம் இருக்கு. சுத்தியே போங்கண்ணே," என்றாள் விஜயகலா. சிங்களத்தில் சொன்னாள்.