அக்கா இறங்க மறுத்த கோடை

இன்று எங்கள் அக்காவுக்கு வருஷத் திதி. வந்திருந்து, சாப்பிட்டு, போகும்போது இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிப் போகிற சொந்தபந்தங்களுக்கு வணக்கம். முதல் பக்கத்தில் இருக்கும் படம் கல்யாணத்தன்று எடுத்தது. சிரிக்காமல் நிற்கச் சொல்லி போட்டோக்காரர் எவ்வளவோ கெஞ்சினார். அக்கா சிரித்துவிட்டார். வாய் மட்டும் கொஞ்சம் கலங்கித் தெரிவது அதனால்தான்.

"மரியாதையா, நல்ல தமிழா எழுது. காலேஜுக்கு எதுக்கு அனுப்பினேன்?" என்றார் அப்பா. மரியாதையாகத்தான் எழுதுகிறேன். ஆனால் குணக்குன்று, கற்பகத்தரு என்றெல்லாம் அடுக்க எனக்கு வராது. அக்கா கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார். நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். படிக்கிறவர்களில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். அதற்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

அக்கா பிறந்தது காளப்பநாயக்கன்பட்டியில், இதே வீட்டில். அம்மா காலமானபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயசு. நான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அன்றோடு அக்காவின் பள்ளிக்கூடம் நின்றது. அடுப்பு, மாடு, நான், எல்லாம் அக்கா கைக்கு வந்தோம். என்னை ஹைஸ்கூலில் சேர்க்கும் வரைக்கும் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பியது அக்காவேதான்.

பிறகு மாமா வந்தார். சேந்தமங்கலம் போர்டு ஸ்கூல் வாத்தியார், சாரணர் படைக்கும் அவர்தான் தலைவர். காடு கரை எதுவும் கிடையாது. அப்பாவுக்கு அது இறங்கவில்லை.

"கோடையில பள்ளிக்கூடத்தைச் சாத்திட்டா வாத்தியாரு என்னத்தைத் திம்பாரு?"

"அதுக்குத்தானுங்கப்பா உங்க ஊடு இருக்குது," என்றார் அக்கா.

அப்பா சிரித்துவிட்டார். கல்யாணம் நடந்தது. பொன்னி பிறந்தாள், பிறகு வேலு பிறந்தான். வேலு பிறந்த நாளிலிருந்தே நோஞ்சான். மலைமேல் தேவனூர் நாட்டிலிருந்து மிளகும் பலாவும் சந்தைக்குக் கொண்டுவருகிற சடையன், மாமாவுக்குப் பழக்கம். அவர்தான், "எங்க ஊருப் பெரியசாமிக்கு வேண்டிக்குங்க அம்மிணி, பையன் தேறிருவான்," என்றார். அக்கா வேண்டிக்கொண்டார். இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தக் கோயிலில் காதுகுத்தி, கிடாய் வெட்டுவதாக. வேலு தேறினான். போன வருஷம் சித்திரையில், பள்ளிக்கூடம் சாத்திய கையோடு, குடும்பம் மலைக்குப் புறப்பட்டது.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். மலையில் ராத்தங்கினால் காய்ச்சல் வரும், அது மலைத் தண்ணியால் வருகிறது என்பது நம் எல்லோருடைய முடிவு. அப்பாவும் அப்படித்தான் நம்பினார், மாமாவும் நம்பினார், நானும் நம்பினேன். ஆகவே அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "மலைத் தண்ணி ஒரு சொட்டு எம் புள்ளைக வாயில படப்படாது." மண்ணெண்ணெய் டின்களைக் கழுவி, நம் கிணற்றுத் தண்ணீரை அதில் நிரப்பி, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து பொதிகழுதை மேல் ஏற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள் மேலே அனுப்பினார். எத்தனை கழுவினாலும் அந்த வாசம் போகவில்லை. காப்பி, ரசம், சோறு எல்லாவற்றிலும் லாந்தர் விளக்கு நாறியது. "ஒரு குச்சியைக் கிழிச்சு வாய்க்கிட்டக் காட்டுடா சாமி, பத்திக்குதான்னு பாக்கலாம்," என்று அக்கா எனக்குச் சோறு போடுவார். சாமிக்குக்கூட அந்தத் தண்ணீரில்தான் பொங்கல் வைத்தோம்.

நானும் பரீட்சை முடிந்து அங்கேதான் போய்ச் சேர்ந்தேன். தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? சடையனின் தினைக்காட்டு ஓரம், பலாமரத்தடியில், மாமா சாரணர் கூடாரத்தை அடித்திருந்தார். பள்ளிக்கூடத்துக் கூடாரம், பத்து இடத்தில் ஒட்டுப்போட்டது. உள்ளே புழுங்கியதால் ராத்திரியில் எல்லோரும் வெளியே காற்றாடப் பாய் விரித்தோம். காலையில் மாமா விசில் ஊதுவார். பொன்னியும் சடையனின் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். கண்ணாமூச்சி, கிட்டிப்புள், கயிறு இழுப்பு. பலாமரக் கிளையில் தூரி கட்டிக் கொடுத்தார். அந்தத் தூரியில் பிள்ளைகளைவிட அதிகம் ஆடியது அக்காதான். பன்னிரண்டு வயசிலிருந்து அடுப்படியில் இருந்தவர். முடிச்சுப் போட்ட கொண்டை அவிழ்ந்து பறக்க, கால் நீட்டி ஆடுவதை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். சடையன் சம்சாரம் வெள்ளையம்மா, "ரெண்டு புள்ளை பெத்தவ மாதிரியா இருக்குது?" என்று கேட்டுவிட்டு, தானும் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

காதுகுத்து நாளன்று பொன்னிக்கு நன்றாகவே நடந்தது. என் மடியில் உட்கார்ந்து, வெல்லத்தைக் கடித்துக்கொண்டு, அழாமல் குத்திக்கொண்டாள். அடுத்து வேலு. ஆசாரி அவன் காதைப் புரட்டிப் பார்த்தார். மடலில் சிரங்கு.

"இதுல ஊசி வெக்க முடியாதுங்க. சீழ் புடிச்சா எம் பேரு கெட்டுப்போகும். ஆறட்டும், சொல்லி விடுங்க, வாரேன்."

திட்டமெல்லாம் ஒரு வாரத்துக்குத்தான் போட்டிருந்தது. சிரங்கு அதற்குள் ஆறவில்லை. மாமா கூடாரத்தைப் பிரிக்கக் கயிற்றில் கை வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அதனால் இந்தப் பேச்சை ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதுகிறேன்.

"போதும் புள்ள. இறங்கிரலாம். உங்கப்பா பதறிட்டு இருப்பாரு."

"ஏனுங்க, பாதி வேண்டுதலோட இறங்கறதா? பெரியவளுக்குக் குத்தியாச்சு, இவனுக்காகத்தானே வேண்டுனதே."

"ஆனியில மறுபடியும் வரலாம்."

"ஆனியில உங்களுக்குப் பள்ளிக்கூடம். எனக்கு அடுப்பு. ஆருங்க வருவாங்க? நீங்க வேணும்னா போங்க. நானும் புள்ளைகளும் சடையன் ஊட்டுல இருந்துக்கறோம்."

மாமா கயிற்றை விட்டுவிட்டார். அக்காவிடம் ஜெயித்தவர் யார்? அப்பாவே ஜெயித்ததில்லை.

சிரங்கு ஆறக் காத்திருந்த அந்த நாட்களில் ஒருநாள் கழுதை வரவில்லை. டின்கள் காலி. பொன்னியைக் கூட்டிக்கொண்டு ஓடையில் துணி துவைக்கப் போன அக்கா, அங்கேயே குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். "இதுதான்டா தண்ணி," என்றார். மாமா ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தாமதமாக மலையேறி வந்த கழுதைக்காரர் இதைப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டதை அவர் பார்க்கவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் நின்றதை மட்டும் பார்த்தார்.

வைகாசி பிறந்தபோது அக்காவுக்குக் குளிர் கண்டது. பட்டப்பகலில் மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. சடையனும் அவர் பங்காளிகளும் தொட்டில் கட்டி, மாற்றி மாற்றிச் சுமந்து, காரவள்ளிக்கு இறக்கினார்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் நாமக்கல் டாக்டர் வீடு. உலகச் சண்டை நடக்கிற காலம். இந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்து எங்கேயும் கிடைக்கவில்லை. அப்பா சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் மருந்துக் கடை கடையாக அலைந்தார். ஆகையால் டாக்டர் சொன்னபோது அப்பா அங்கே இல்லை.

"கொசுவலை கட்டிப் படுத்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லீங்க. ஆனா தண்ணியெல்லாம் எங்க ஊர்த் தண்ணிதானுங்க. ஒரே ஒரு வாட்டி..." என்று மாமா ஆரம்பித்தார்.

"தண்ணியில ஒண்ணுமில்லைய்யா. இது கொசு கடிச்சு வர்ற காய்ச்சல். நீங்க பால்லயே குளிச்சிருந்தாலும் வந்திருக்கும்."

அக்காவுக்கு நினைவு இருந்தது. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "அவனுக்குக் காது ஆறிருச்சாடா?" என்று கேட்டார். ஆறிவிட்டது என்றேன். நிஜமாகவே ஆறியிருந்தது. "ஆசாரிக்குச் சொல்லி விடு," என்றார். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் காய்ச்சல் பேச்சு. அப்பா கொஞ்சம் மருந்தோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கத்தன்று நம் பந்தலிலேயே பேச்சு கிளம்பியது. வாத்தியார் ஓடைத் தண்ணியைக் குடிக்க வைத்தார், வாத்தியார்தான் அவளை இறங்கவிடவில்லை என்று. யார் யார் பேசினீர்கள் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மாமா வாயைத் திறக்கவில்லை. அப்பா பிள்ளைகள் இருவரையும் இந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமா சேந்தமங்கலத்திலிருந்து நடந்து வருகிறார். பொன்னி ரோட்டோரப் புளியமரத்தடிக்கு ஓடுகிறாள். வேலுவைத் தூக்கிக்கொண்டு நான் போகிறேன். வெயில் ஏறும் மட்டும் விளையாடிவிட்டு மாமா போய்விடுகிறார். போன மாசம் வேலு அவரைப் பார்த்து, "விசில் மாமா வந்தாச்சு," என்றான். அப்பா என்று கூப்பிட அவனுக்குத் தெரியவில்லை. மாமா விசிலை ஊதிக் காட்டினார்.

டாக்டர் சொன்னதை அப்பாவிடம் பல தடவை சொன்னேன். "நீ அவரு பக்கம்," என்று எழுந்து போய்விடுவார். ஆனால் அச்சுக்குப் போகும் முன் மலரை முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார். அதனால் இங்கே எழுதினேன். மேலே உள்ள வரைக்கும் போன வாரம் அவர் கையில் கொடுத்தேன்.

படித்தார். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். வந்து மறுபடியும் படித்தார்.

"கையைத் தட்டிவிட்டாரா?"

"ஆமாங்கப்பா."

"அவதான் இறங்கமாட்டேன்னாளா?"

"உங்க புள்ளைதானுங்களே."

காகிதத்தை மடித்து வைத்தார். கடைசியில், "அப்ப அந்தத் தண்ணியைச் சொமந்ததெல்லாம்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.

நன்றி சொல்லாமல் முடிக்கக் கூடாது. அக்காவைத் தோளில் சுமந்து இறக்கிய சடையனுக்கும் அவர் பங்காளிகளுக்கும், கூடவே அழுதுகொண்டு காரவள்ளி வரை வந்த வெள்ளையம்மாவுக்கும், காசு வாங்க மறுத்த டாக்டருக்கும், இந்த ஒரு வருஷம் பொன்னிக்குத் தலை வாரிவிட்ட பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வெயிலென்று பார்க்காமல் தண்ணீர் சுமந்த கழுதைக்காரருக்கும்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வேலு வந்து அப்பா மடியில் ஏறினான். அப்பா அவன் காதைத் தடவிப் பார்த்தார்.

"ஏம் அப்புச்சி?" என்றான் அவன்.

"மூளியா இருக்குது கண்ணு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "வாத்தியாரைக் கேட்டுட்டு வா, கொசுவலை எத்தனை வேணும்னு. சேலத்துலதான் கிடைக்கும்," என்றார். ஒரு வருஷத்தில் இந்த வீட்டில் அப்பா வாயால் வாத்தியார் என்ற வார்த்தை வந்தது அன்றுதான்.

ஆகவே இதையே அழைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் திறக்கும் முன், சடையன் ஊர்ப் பெரியசாமி கோயிலில், அக்காவின் மகன் வேலுவுக்குக் காதுகுத்து. என் மடியில்தான். ஆசாரிக்குச் சொல்லி விட்டாகிவிட்டது. மாமா கூடாரம் அடிக்கிறார். வருகிறவர்கள் ஆளுக்கொரு வலை கொண்டு வாருங்கள்.

தண்ணீர் கொண்டு வர வேண்டாம். அங்கே நல்ல தண்ணீர் ஓடுகிறது.