நான் வேலை கொடுத்த பட்டதாரி

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பொருளியல் படிப்பித்தவன் நான். வேலையின்மையின் வகைகளைத் தூக்கத்திலும் சொல்வேன். ஒரு வேலையை விட்டு அடுத்ததற்குக் காத்திருப்பவன், படித்த படிப்புக்கு ஊரில் வேலை இல்லாதவன், வயல் வட்டையில் அறுவடை முடிந்தால் அடுத்த விதைப்புவரை கைகட்டி இருப்பவன். இரண்டு பேர் இழுக்கக்கூடிய வலையை ஏழு பேர் இழுத்தால், அதில் ஐந்து பேர் மறைமுகமாக வேலையற்றவர்கள். இதை ஒருமுறை வாவிக்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களிடமே விளக்கினேன். அவர்களில் ஒருவர் வலையை விடாமலே சொன்னார்: "பாத்துக்கொண்டு நிக்கிற உங்களையும் சேத்து ஆறு எண்டு எழுதுங்க சேர்."

ஓய்வு பெற்றபின், வேலையற்றவர்களை வீடு வீடாகக் கணக்கெடுக்கும் தற்காலிக வேலை கிடைத்தது. நான் தன்னாமுனைக்காரன். எனக்குத் தந்த இடம் பெரியகல்லாறு. அங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது. நடந்ததெல்லாம் அதனால்தான் என்று கொஞ்சக்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். முதலில் ஒரு வயதான, மரியாதையான ஆளை அனுப்புவார்கள். அவர் வந்த காரியத்தை நேரே சொல்லமாட்டார். மழையைப் பற்றிப் பேசுவார், நெல் விலையைப் பற்றிப் பேசுவார், பிறகு மெதுவாக, "மகன் என்ன செய்யிறார்?" என்பார்.

நான் நரைத்த தலையோடும் வெள்ளைச் சட்டையோடும் பெரியகல்லாற்றில் ஒரு வீட்டுக்குள் போனேன். "வேலையில்லாதவர்களைக் கணக்கெடுக்க வந்திருக்கிறேன்" என்று தெளிவாகச் சொன்னேன். வீட்டுக்காரி தன் தங்கையைப் பார்த்தார். தங்கை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"ஓம் ஓம், கணக்கெடுப்புத்தான். இரிங்க ஐயா."

மழையைப் பற்றி நானும் இரண்டு வார்த்தை பேசித் தொலைத்தேன். பிறகு படிவத்தைப் பார்த்துக் கேட்டேன்: "மகன் போன கிழமை ஏதாவது வேலை செய்தவரா?"

"செய்யாம? பட்டம் எடுத்த பிள்ளை. ஒபிஸில வேலை. ஞாயிற்றுக்கிழமையும் போனவன்."

"எத்தனை மணித்தியாலம்?"

"உங்களுக்கு எத்தனை வேணும்?"

"வேறு வேலை தேடுகிறாரா?"

"அவன் ஏன் தேட? குடி இல்ல, சிகரெட் இல்ல. அதையும் எழுதுங்க."

அதற்குப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. அந்த நேரம் மகனே பின்வாசலால் வந்தான். இடுப்பில் நனைந்த சாரன், கையில் தூண்டில். அன்று செவ்வாய்க்கிழமை.

"இண்டைக்கு அவனுக்கு லீவு" என்றார் தாய். "போய்ச் சாரனை மாத்திக் களிசானைப் போடுகா, ஆள் வந்திருக்குது."

எனக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. "அம்மா, நான் கலியாணம் பேச வந்தவனில்லை" என்ற ஒரு வசனம் போதும். ஆனால் அடுப்படியிலிருந்து நண்டுக்கறி வாசம் வந்துகொண்டிருந்தது. தங்கை வாழையிலை கழுவிக்கொண்டிருந்தார். மனைவி போனபின் நான் கடைச்சோறு தின்கிறவன். சொன்ன பதிலைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது விதி. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு, 'தொழில் செய்பவர்' என்று எழுதி, கையெழுத்தும் வைத்து, நண்டை உடைத்தேன். வேலையற்ற பட்டதாரிகள் என்று நாங்கள் எழுதிக் கொடுப்பவர்களைத்தான் அரசாங்கம் பயிற்சி வேலைக்குக் கூப்பிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பையன் பஸ்ஸேறி என்னைத் தேடி வந்தான்.

"பக்கத்து வளவுப் பட்டதாரி எல்லாருக்கும் பயிற்சி வேலைக்குக் கடிதம் வந்திட்டு சேர். எனக்கு மட்டும் வரல்ல."

அவனையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். "இவர் வேலை செய்யிறவரெண்டு நீங்கதானே எழுதியிருக்கிறீங்க? வேலையை விட்டிட்டாரெண்டா, விட்ட இடத்திலயிருந்து கடிதம் வேணும்."

இல்லாத வேலையை எந்த இடத்திலிருந்து விடுவது? பிழை என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்றார். பையனுக்கு வயது முப்பத்துநான்கு. முப்பத்தைந்துக்குமேல் எடுக்கமாட்டார்கள்.

அவன் தாயிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

"அப்ப, பொம்புளையே இல்லையா?"

"இல்லை அம்மா."

"மூணு மாசமா இவளும் நானும் அந்தப் பிள்ளை கறுப்போ வெள்ளையோ எண்டு கதைச்சுக்கொண்டிருந்தம்." தங்கை தலையைக் குனிந்துகொண்டார். "வேலையைத்தான் கெடுத்திட்டீங்க. ஒரு பொம்புளையாவது பாத்துத் தாங்க. கேட்டா, ஒபிஸில வேலையெண்டு சொல்லுங்க."

அன்றிலிருந்து தேடுகிறேன். பெண் வீடுகளுக்கு நானாகவே போய்ப் பையனைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல பிள்ளை, பட்டதாரி, குடியில்லை. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்கிறார்கள். வேலையில்லை என்கிறேன். இதுவரை ஆறு வீடுகளில் சொல்லிவிட்டேன்.