கஞ்சியில் கரைந்த குளிசை

அம்மாவின் தமையன், எங்கள் மாமா, ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்த்தார். எங்கள் ஊரான தண்ணீரூற்றில் அவருக்கு அரை டாக்குத்தர் என்று பெயர். சட்டைப் பையில் தெர்மாமீட்டரைச் செருகிக்கொண்டு அவர் சைக்கிளில் போனால், சுகமாயிருப்பவர்களுக்கும் ஒருக்கால் இருமிப் பார்க்கத் தோன்றும். அக்காவுக்கு அவர்மேல் உயிர். படித்து நேர்சாகப் போகவேண்டும் என்ற ஆசையை அவளுக்கு மூட்டிவிட்டதும் அவர்தான்.

ஒரு மாரிகாலத்தில் அக்காவுக்கும் எனக்கும் ஒன்றாகக் காய்ச்சலும் நெஞ்சிருமலும் வந்தன. மாமா சல்பா குளிசை கொண்டுவந்து, ஒரே பொட்டலத்திலிருந்து இருவருக்கும் தந்தார். நான் சுகமாகி விளையாடப் போய்விட்டேன். அக்காவுக்குக் காய்ச்சல் விடவில்லை. கண் சிவந்து எரிந்தது, உதடு வெடித்தது, பிறகு மார்பிலும் முதுகிலும் கொப்புளம் போட்டது.

அம்மா பார்த்தவுடன் அம்மை நோய் என்றே எண்ணிக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மாள் வந்திட்டா."

அதோடு வீட்டுச் சட்டம் மாறியது. படலையில் வேப்பிலை தொங்கியது. தாளிதம் நின்றது, மீன் நின்றது. அம்மாள் இறங்கிய உடம்பில் மருந்து படக்கூடாது என்று குளிசையும் நின்றது. மாமா விடுவாரா?

"தங்கச்சி, இது சளிக் காய்ச்சல் முத்தினது. மருந்தை நிப்பாட்டினா பிள்ளை தப்பாது."

"நீங்கள் படிச்சது உங்களோட இருக்கட்டும், அண்ணை. அம்மாளோட விளையாடாதேங்கோ."

அம்மா கிணற்றடிக்குப் போகும் நேரம் பார்த்து, மாமா குளிசையை இடித்துக் கஞ்சியில் கரைத்து ஊட்டினார். அக்காவுக்குத் தொண்டையெல்லாம் புண். ஆனாலும் தருகிறவர் மாமா என்பதற்காக முக்கி முக்கி விழுங்கினாள். இதை அவரே பிறகு வாய்விட்டுச் சொன்னபடியால்தான் எங்களுக்குத் தெரியும்.

ஒருநாள் காலை அம்மா ஈரத்துணியால் அவளுடைய முதுகை ஒற்றினார். அவித்த கிழங்கில் தோல் கழலுவதுபோல, துணியோடு தோல் வந்தது. அம்மா குழறிய குழறல் இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. ஓடிவந்த மாமா ஒருதரம்தான் பார்த்தார்.

"ஐயோ, இது அம்மாளில்லை. என்ர குளிசை!"

தலையிலடித்துக்கொண்டு கார் பிடிக்க ஓடினார். அக்காவை வாழையிலையில் கிடத்தி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே, உரிந்த இடமெல்லாம் சீழ் பிடித்து, அவள் செத்துப் பிழைத்தாள். என்ர குளிசைதானே இதைச் செய்தது என்று மாமா டாக்குத்தரின் பின்னாலேயே திரிந்து ஒரே கேள்வியைக் கேட்டாராம். டாக்குத்தரும் பொறுமையான மனிதர்தான். "அதே குளிசையைச் சின்னப்பிள்ளையும் குடிச்சவதானே, அவவுக்கு ஒண்டுமில்லையே? கிருமி தனியவும் இப்பிடிச் செய்யும், மருந்து தனியவும் செய்யும். சில உடம்பில ரெண்டும் சேர்ந்துதான் செய்யும். எது செய்தது எண்டு என்னால பிரிச்சுச் சொல்லேலாது" என்று சொல்லியிருக்கிறார்.

"அப்ப நான் கஞ்சியில குடுத்தது?" என்று மாமா கேட்டபோது டாக்குத்தர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாராம்.

அம்மா சொன்ன காரணம் பிழை. ஆனால் அவருடைய சொல்லைக் கேட்டிருந்தால் அந்த மிச்சக் குளிசைகள் அவளுடைய வயிற்றுக்குள் போயிருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் யாரைத் திட்டுவதென்று தெரியாமல் எனக்கு ஆத்திரம்தான் வரும்.

அக்கா வீடு வந்தபோது உடம்பைப் புதுத்தோல் மூடியிருந்தது. கண்கள் மட்டும் ஆறவில்லை. புகைக்குள் பார்ப்பதுபோல ஆட்களின் உருவம்தான் அவளுக்குத் தெரிந்தது. நேர்ஸ் கதையை வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை. அம்மா மாமாவோடு கதைப்பதை விட்டார். மாமா வேலையை விட்டார்.

ஊரைவிட்டுப் போகுமுன் ஒரு பின்னேரம் அவர் வந்தார். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். மாமா அக்காவின் கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

"பிள்ளை, உன்ர வாயால ஒருக்கா என்னை ஏசு. எனக்கு ஆறும்."

அக்கா அவருடைய குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"நானும் அழுதுகொண்டுதான் இருக்கிறன், மாமா."

மாமா நிமிர்ந்து அவளுடைய முகத்தைப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை. மெல்லக் கையை விட்டு எழும்பி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவேயில்லை.

தோலை உரித்த அந்த நோய் கண்ணீர் ஊறுகிற இடத்தையும் சேர்த்து எரித்துவிடும் என்று, பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கண் டாக்குத்தர் எங்களுக்குச் சொன்னார். அதைக் கேட்க மாமா உயிரோடு இல்லை. அன்றைக்கோ எனக்கு அக்காமேல்தான் கோபம். ஒரு பெரிய மனிதர் காலடியில் இருந்து அழுகிறார், இவளுக்கு ஒரு சொட்டு வரவில்லை, அதற்குமேல் அழுகிறேன் என்று பொய் வேறு சொல்கிறாளே! அன்றிரவு நான் அவளுடைய பாயில் படுக்காமல் அம்மாவிடம் போய்ப் படுத்துக்கொண்டேன்.