சின்ன வெங்காயத்தின் அலைநீளம்

நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். தம்பிக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. சிமெண்டின் நிறத்தைச் சரிபார்க்க அங்கே வைத்திருக்கும் கருவியை, எங்கள் கல்லூரிக் கண்காட்சிக்காகக் கேட்டிருந்தேன். அவனும் மேலாளரிடம் கெஞ்சி, தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வந்தான். வரும்போதே முகம் சரியில்லை.

“கல்லு லாரி குறுக்க வந்துட்டுதுக்கா. பஸ்ஸு பிரேக் போட்டதுல பை மடியிலேருந்து கீழ விழுந்துட்டு.”

கருவியில் ஒரு கீறல்கூட இல்லை. சமையலறையிலிருந்து ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்து கருவியின் வாயில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். நிறத்துக்குரிய அலைநீளம் திரையில் வரவேண்டும். நானூற்றுத் தொண்ணூற்றேழு நானோமீட்டர் என்று வந்தது. அது நீலம் கலந்த பச்சையின் எண். என் கையில் இருந்ததோ சிவந்த ஊதா. மறுபடி அழுத்தினேன். அதே எண்.

“போச்சு. திங்கக்கிழமை மேனேஜருக்கு நான் என்னக்கா சொல்லுவேன்?” தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கும் பயம் வந்தது. மஞ்சள்தூளை வைத்துப் பார்த்தேன். மஞ்சளுக்குரிய எண் வந்தது. தக்காளியும் சரியாக வந்தது. பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெங்காயத்தின் எண்ணை மீண்டும் பார்த்தேன். அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் ஆங்கில ‘சி’ ஒன்று இருந்தது.

வகுப்பில் பல முறை சொன்னதுதான், பயத்தில் மறந்துபோயிருக்கிறது. வானவில்லில் ஊதா உண்டு, சிவப்பு உண்டு. இரண்டும் கலந்த இந்த நிறம் அதில் கிடையாது. அதற்கென்று தனி அலைநீளமும் இல்லை. அதனால் அதன் எதிர்நிறத்தின், அதாவது அதோடு சேர்ந்தால் வெள்ளையாகும் நிறத்தின் அலைநீளத்தைப் போட்டு, பக்கத்தில் ‘காம்ப்ளிமெண்டரி’ என்பதன் முதலெழுத்தாக ‘சி’ என்று குறிப்பார்கள்.

தம்பி நம்பவில்லை. “எனக்காகச் சொல்றியாக்கா?”

அவனைச் சாமான் அறைக்குள் கூட்டிப்போய், இருட்டுக்காகக் கதவைச் சாத்தினேன். என் போனின் திரையில் அந்தச் சிவந்த ஊதா, அவன் போனில் நீலப்பச்சை. இரண்டையும் ஒரே வெள்ளைத்தாளுக்கு நேராகப் பிடித்தோம். முதலில் தாள் பச்சையாகத்தான் தெரிந்தது. அவன் போனைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கச் சொன்னேன். நிறம் மெல்ல வடிந்து, வெறும் வெள்ளைத்தாளாக நின்றது.

“அட,” என்றான். வெளியே வந்ததும், “பசிக்குதுக்கா. காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடல,” என்றான்.

மறுநாள் கண்காட்சி முடிந்து கருவி திரும்பிப் போனது. திங்கட்கிழமை இடைவேளையில் போன் செய்தான். “கருவியச் சரிபாக்கன்னே இருக்குற வெள்ள ஓட்டு வில்லைய வச்சுப் பாத்துட்டேன். பழைய கணக்கு அப்படியே வருது. பஸ்ஸுல விழுந்ததையும் சார்கிட்ட சொல்லிட்டேன். சரி, பரவால்லன்னாரு.”

அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. எனக்குள் மிச்சமிருந்த பயமும் அப்போதுதான் விட்டது; எழுந்திருக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.