சைக்கிள் ரியூப் சுற்றிய அடுப்பு

கொடிகாமத்தில் அருளம்பலத்தின் கைவேலையைத் தெரியாதவர் அந்த நாளில் இல்லை. யுத்தத்தின்போது பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் இல்லை, ஒழுகலை அடைக்க ஒரு வாசரும் இல்லை. தண்ணீர் இறைக்கும் மெசினை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர் அவர். எது ஒழுகினாலும் பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றுவார். அது நின்று பிடிக்கும். சனம் கொண்டாடியது. தடை போய்ப் பல காலம். வேண்டிய சாமான் எல்லாம் கடைகளில் தொங்குகிறது. அவர் மட்டும் இன்னும் ரியூப் வெட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கொண்டாட்டத்தின் மிச்சம் அவர் மனைவி தயாளினியின் வலது கையில் இருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பின் ஒழுகலை ஒருமுறை அவர் அப்படித்தான் அடைத்தார். ரியூப் எண்ணெயில் ஊறி நெகிழ்ந்தது. அவள் நெருப்புக்குச்சி கிழித்ததும் சட்டைக் கையோடு பற்றிக்கொண்டது. தண்ணீர் ஊற்றாமல் அவர் பற்பசையைப் பூசினார். புண் பழுத்து, ஆறும்போது தோல் இழுத்துக்கொண்டது; முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது. "அடுப்படியில அவவுக்குக் கவனம் காணாது" என்று பார்க்க வந்தவர்களிடம் அவர் சொன்னார். புத்தூரிலிருந்து வந்த தாயிடம் அவளும் அதையே சொன்னாள்.

இப்போது காஸ் அடுப்பு. சிலிண்டரிலிருந்து வரும் குழாயில் வெடிப்பு விழுந்து மணக்கத் தொடங்கியது.

"இஞ்சாருங்கோ, குழாய் மாத்தவேணும்."

"மாத்திறதோ? கடைக்காரன் உமக்குச் சொந்தமோ? தள்ளும்."

வெடிப்பின்மேல் ரியூப் நாடாவைச் சுற்றிவிட்டு எழும்பினார். அவள் சவுக்காரத்தைக் கரைத்து அதன்மேல் தடவினாள். நுரை புடைத்துப் புடைத்து உடைந்தது. கூப்பிட்டுக் காட்டினாள்.

"அது ரியூப்புக்குள்ள நிண்ட காத்து. முத்துக்குமாரு, கேட்டியே? எங்கடை வீட்டில ஒரு இஞ்சினியர் இருக்கிறா!"

வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு முத்துக்குமாரு சிரித்தான். "அண்ணை சுத்தினா அசையாது, அக்கா."

அன்று அவள் வெளியில் விறகு மூட்டிச் சமைத்தாள். கை போனது போகட்டும். இன்னொரு முறை எரிந்து, கவனமில்லாதவள் என்ற பெயரோடு கிடக்க அவள் ஆயத்தமில்லை. ஒன்றை மட்டும் கவனித்தாள்: நாடா சுற்றியதிலிருந்து அவர் அடுப்படிக்குள் கால் வைக்கவில்லை. 

காலையில் முற்றத்தில் நின்றபடியே தேத்தண்ணி கேட்டார். முதல் நாளே மூடிவைத்த சிலிண்டரின் றெகுலேற்றரை அவள் மறுபடி பார்த்துவிட்டு, அவரை உள்ளே கூப்பிட்டு நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்தாள்.

"நீங்களே பத்தவையுங்கோ. என்ரை கை ஈரம்."

அவர் குழாயைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார்.

"யன்னல் ராவெல்லாம் திறந்தே கிடந்தது?"

"ஏன்? அசையாதெண்டுதானே சுத்தினீங்கள்."

பெட்டியை மேசையில் வைத்தார். "இப்ப தேத்தண்ணி வேண்டாம். வெயிலாக் கிடக்கு."

வெயில் இன்னும் ஏறவேயில்லை. அறியாமல் செய்த மனிசன் என்று நினைத்துத்தான் இவ்வளவு காலமும் அந்தக் கையால் அவருக்குச் சோறு போட்டாள். 

சந்தைப் பக்கம் போய்ப் புதுக் குழாயும் கிளிப்பும் வாங்கி வந்தாள். பழையதைக் கழற்றி எறிந்தாள். புதியதை அடிவரை தள்ளி, கிளிப்பை முறுக்கி, றெகுலேற்றரைத் திறந்து, சவுக்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தாள். ஒரு குமிழியும் எழவில்லை.

அவர் வாசலில் வந்து நின்றார். "கிளிப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கும்."

"பத்தவைச்சுப் பாக்கிறியளோ?"

அவர் வளவுப் பக்கம் போய்விட்டார். அவள் அடுப்பை மூட்டித் தனக்கு மட்டும் தண்ணீர் வைத்தாள்.