என் மகளின் மூச்சை அடைத்தது எது என்று தாயார் காட்டினாள்

ஆண்டாள் தாயாரை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். என் பெயர் தனலட்சுமி. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறேன். கணவர் ராணுவத்தில், வடக்கே எல்லைப் பக்கம். எங்களுக்கு ஒரே மகள், கோதை. ஆறு வயது. போன வருடம் ஆனி மாதம் தொடங்கி தை வரைக்கும் நாங்கள் பட்டதைச் சொல்ல வந்திருக்கிறேன். அழுதுகொண்டே சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பாலோடு நாலு பிஸ்கட் சாப்பிட்டாள். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. முகம் சிவந்தது. இருமினாள். பிறகு நெஞ்சுக்குள் விசில் ஊதுவதுபோல ஒரு சத்தம். விலா எலும்புகள் உள்ளே இழுத்துக்கொண்டன. "அம்மா, காத்து வரல" என்றாள். ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். சரியானது. ஆனால் பத்து நாளில் மறுபடி வந்தது. பிறகு மறுபடியும்.

ராஜபாளையத்தில் குழந்தைகள் டாக்டர் ஒருவரிடம் காட்டினேன். நிதானமாகக் கேட்கிற அம்மா. உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "இது வெறும் தூசி, குளிருக்கு வர்ற மாதிரி தெரியல. சாப்பாட்டுல சேக்குற ஏதோ ஒண்ணு ஒத்துக்கலைனு நினைக்கேன். என்ன சாப்பிட்டா, எப்ப இழுத்துச்சு, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதுங்க" என்றார்.

எழுதினேன். ஒன்றரை மாதம் எழுதினேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார். பின்பக்கம், எறும்பு வரிசை மாதிரி எழுத்து. அதில் 223 என்று ஒரு எண். அது சல்பைட் என்கிற மருந்தாம். கெடாமல் இருக்க, மாவு இளக, நிறம் மாறாமல் இருக்கச் சேர்ப்பார்களாம். எல்லோருக்கும் ஒன்றும் செய்யாது, சில பேருக்கு மூச்சை அடைக்கும் என்றார். 220 முதல் 228 வரை எந்த எண் இருந்தாலும் கொடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அலமாரியைக் கவிழ்த்தேன். பிஸ்கட்டில் இருந்தது. பழ சிரப்பில் இருந்தது. பளபளவென்று வெளுத்த திராட்சையின் பாக்கெட்டிலும் இருந்தது. முன்பக்கம் சிரிக்கிற குழந்தை படம், பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத எண். ஏன் பெரிதாக எழுதக்கூடாது? ஏன் தமிழில் எழுதக்கூடாது? கடைக்காரரிடம் கேட்டேன். "எல்லாரும் வாங்கிட்டுத்தான் போறாவ. நீங்க மட்டும் என்னக்கா ஆராய்ச்சி பண்ணுதீய?" என்றார். பாக்கெட்டை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

சொந்தக்காரர்கள் இன்னும் மோசம். ஆவணியில் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். நான் கை கழுவப் போன நேரத்தில், உறவுக்கார அக்கா ஒருத்தி பிள்ளைக்கு ஆரஞ்சு ஜூஸைக் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்று பிள்ளையே சொல்லியிருக்கிறது. "ஒரு வாய் குடிச்சா ஒண்ணும் ஆவாதுட்டி. உங்க அம்மா ரொம்பத்தான் பண்ணுதா" என்று சொல்லிக் குடிக்க வைத்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது கோதையின் உதடு நிறம் மாறியிருந்தது. மருந்தை உறிஞ்ச வைத்து, பிள்ளைக்கு மூச்சு சீரானதும், கல்யாண வீடு என்றும் பார்க்காமல் கத்தினேன். அந்த அக்கா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நானும் பேசவில்லை. மன்னிக்க வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தாயார் அந்த மனசையும் ஒருநாள் தரட்டும். இன்னும் தரவில்லை.

அதற்குப் பிறகு வெளிச் சாப்பாடு முழுவதையும் நிறுத்தினேன். பாக்கெட் எதுவும் வீட்டுக்குள் வரவில்லை. பிள்ளை தின்பதற்குக் கேட்டால் எள்ளுருண்டை, கடலை உருண்டை, பானகம். எல்லாம் என் கையால் செய்தது. வெல்லம்கூடக் கடையில் வாங்கியதில்லை. கணவரின் தம்பி பாண்டி, மகாராஜபுரத்தில் எங்கள் குடும்ப நிலத்தில் கரும்பு போட்டு, அங்கேயே ஆலை வைத்துக் காய்ச்சுகிறார். அவர் கொடுத்துவிடுகிற வெல்லம். இதைவிடச் சுத்தம் எங்கே கிடைக்கும்?

ஆனாலும் இழுப்பு நிற்கவில்லை. ஐப்பசியில் மூன்று தடவை. கார்த்திகையில் நான்கு தடவை. டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, "எங்கேயோ உள்ள போகுது. வெளியில யாராவது குடுக்காங்களா?" என்று கேட்டார். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. நோட்டு முழுக்க 'வீட்டுச் சாப்பாடு', 'வீட்டுச் சாப்பாடு' என்று எழுதியிருந்தேன். போனில் கணவரிடம் சொல்லி அழுதேன். லீவு கிடைக்கவில்லை என்று அவரும் அழுதார். அன்றைக்கு எனக்கு எல்லோர் மேலும் கோபம். கம்பெனிக்காரன் மேல், கடைக்காரன் மேல், டாக்டர் மேல், கணவர் மேல். எல்லோரையும்விட, தாயார் மேல்.

மார்கழி பிறந்தது. ஊரே காலையில் கோயிலுக்குப் போகிறது. நானும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். ஆண்டாள் சந்நிதியில் கூட்டத்துக்கு நடுவில் நின்று, மனதுக்குள் இப்படித்தான் கேட்டேன்: "உன் பேரைத்தானே இவளுக்கு வெச்சேன்? உனக்கு என்ன குறை வெச்சேன்? இவ மூச்சுக்குத் தவிக்கும்போது நீ மாலையும் கிளியுமா நின்னுக்கிட்டு இருக்கியே, உனக்கு வெக்கமா இல்லையா? குணமாக்குனு கேக்கல. எதுனு காட்டு. இன்னைக்கே காட்டு. காட்டலைனா இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன்."

கற்பூர ஆரத்தியைக்கூடத் தொட்டுக் கும்பிடாமல் வெளியே வந்தேன்.

தேரடிப் பக்கம் பாண்டி பைக்கோடு நின்றிருந்தார். கரும்பு பிழிகிற மெஷினுக்கு பெல்ட் வாங்க வந்திருக்கிறார். "மதினி, பொங்கலுக்குக் காய்ச்ச ஆரம்பிச்சாச்சு. பிள்ளை பாகு கொதிக்கிறதப் பாக்கட்டும், வாங்க. செத்த நேரத்துல திரும்பக் கொண்டாந்து விட்டுருதேன்" என்றார். எனக்கு எங்கேயும் போகிற மனநிலை இல்லை. வரவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கோதை பைக்கில் ஏறிவிட்டாள். நானும் பின்னால் ஏறினேன்.

ஆலையில் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புப் புகை பிள்ளைக்கு ஆகாதே என்று, காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிற இடமாகப் பார்த்து நின்றோம். அரைமணி நேரம் ஆனது. அவளுக்கு ஒன்றுமில்லை. கரும்புச் சாறு குடித்தாள், சிரித்தாள். பாகு கன்னங்கரேலென்று கெட்டியாகி வந்தது. அப்போது வேலைக்காரர் ஒருவர் மூலையில் இருந்த பையிலிருந்து ஒரு டம்ளர் வெள்ளைப் பொடியை அள்ளிக் கொப்பரையில் போட்டுக் கிண்டினார். என் கண் முன்னால் அந்தக் கறுப்புப் பாகு மஞ்சளாக மாறியது. கூடவே ஒரு நெடி. தீக்குச்சியை மூக்குக்குக் கீழே கிழித்ததுபோல.

என் கையைப் பிடித்திருந்த கோதை இருமத் தொடங்கினாள்.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. மருந்தை உறிஞ்ச வைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். பாண்டிதான் பைக்கைப் பறக்கவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பிள்ளை மாஸ்க்கோடு படுத்திருக்க, வராந்தாவில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அது என்ன பொடி?"

"ஹைட்ரோஸ், மதினி. நிறத்துக்குப் போடுதது. எல்லா ஆலையிலயும் போடுதாவ. போடலைனா கருகருனு இருக்கும், ஏவாரி தொட்டுக்கூடப் பாக்க மாட்டான். பிள்ளைக்கு அடுப்புப் புகையா இருக்கும்."

"என் வீட்டுல என்ன அடுப்புப் புகை? அங்க எதுக்கு இழுக்குது? எனக்குக் குடுத்துவிடுற வெல்லத்துலயும் அதைப் போட்டியா?"

அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். கொழுந்தனாரிடம் நான் குரல் உயர்த்திப் பேசியதே கிடையாது. அன்றைக்குப் பேசக்கூடாததெல்லாம் பேசினேன். அவர் சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்குனு பொறுக்கி எடுப்பேன் மதினி. இருக்கிறதுலயே நல்லா மஞ்சளா, பளிச்சுனு இருக்கிறதாப் பாத்து எடுப்பேன். எம் பிள்ளைக்குல்லா போகுதுனு."

அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை. என் நோட்டு ஞாபகம் வந்தது. அதில் வெல்லம் என்று ஒரு இடத்தில்கூட நான் எழுதவில்லை. நம்முடையது என்பதால் அதை எழுதவே தோன்றவில்லை. பாக்கெட்டை நிறுத்திய இடத்தில் வெல்லத்தை வைத்து, நானே நாளுக்கு இரண்டு வேளை ஊட்டியிருக்கிறேன்.

டாக்டரிடம் பொடியின் பெயரைச் சொன்னேன். அதுவும் சல்பைட் வகைதான் என்றார். "நான் வெல்லத்தக் கேக்கவே இல்ல பாருங்க" என்று வருத்தப்பட்டார். அவர் மேலிருந்த கோபம் அதோடு போனது.

அந்த வாரமே பாண்டி பொடிப் பையைத் தூக்கி வெளியே வைத்தார். வெண்டைத் தண்டை நசுக்கிப் போட்டு அழுக்கெடுத்து ஒரு கொப்பரை காய்ச்சினார். ஆறியதும் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. வழக்கமான வியாபாரி பார்த்துவிட்டு, "இதை மாட்டுக்குப் போடு" என்று சொல்லிப் போனாராம். பாண்டி அசையவில்லை. "எங்க அண்ணன் மகளுக்கு ஆகாதத நான் யாரு பிள்ளைக்கும் காய்ச்ச மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். இப்போது கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார். வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை.

தை மாதம் டாக்டர் முன்னிலையில், அவருடைய ஆஸ்பத்திரியிலேயே உட்காரவைத்து, அந்தக் கறுப்பு வெல்லத்தில் கொஞ்சம் கோதைக்குக் கொடுத்தோம். இரண்டு மணி நேரம் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. "இன்னும் கொஞ்சம் தா" என்று கேட்டாள். அப்போதுதான் அழுதேன். அதற்குப் பிறகு பெரிய இழுப்பு ஒன்றும் வரவில்லை. மருந்தும் கையில் வைத்திருக்கிறேன், எண்களையும் படிக்கிறேன். கறுப்பு வெல்லம் கொடுத்துப் பார்த்த மறுநாளே கோயிலுக்குப் போய், பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையை முன்னால் நிறுத்தி நன்றி சொன்னேன். மார்கழியில் அன்று நான் கேட்டு, வெளியே வந்து, இரண்டு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் வாதாடுவதில்லை. எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை காரணம் தெரியாமல் தவிக்கலாம். டாக்டரிடம் போங்கள், எழுதி வையுங்கள், கடையில் கேளுங்கள். "ரொம்பப் பண்ணுதா" என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். தாயாரிடமும் கேளுங்கள். பணிவாகக் கேட்க வரவில்லையென்றால் கோபமாகவே கேளுங்கள், அவள் தாங்கிக்கொள்வாள். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு கேளுங்கள். நீங்கள் யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்களோ, அந்தப் பக்கம்தான் அவள் விரல் நீளும் என்று இல்லை. உங்கள் வீட்டுக்குள், உங்கள் கையில் இருப்பதையே காட்டினாலும் காட்டுவாள். அப்போது கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.